இருட்டில் வெள்ளைச் சப்பாத்து

மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டு ஊதாக் குழல்விளக்கை மட்டும் போட்டால், முதலில் கண்ணுக்குத் தெரிவது சப்பாத்துகள்தாம். முகங்கள் போய்விடும். கைகள் போய்விடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் நீலம் கலந்த வெள்ளையாக எண்பது, நூறு சப்பாத்துகள் குதித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாக்கள் தேய்த்துக் கழுவி, வெள்ளைப் பூச்சு தடவி, பின்கட்டுச் சுவரில் சாய்த்துக் காயவைத்த பள்ளிச் சப்பாத்துகள். துணிக்கு வெண்மை கூட்டச் சலவைத்தூளில் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது புற ஊதா ஒளியை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதல்முறை அந்த விளக்கைப் போட்டபோது எனக்கே திகைப்பாக இருந்தது. பிள்ளைகள் ஒரு நொடி அப்படியே நின்றார்கள். பிறகு குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அதன் பிறகு அன்று அந்த மண்டபத்தில் யாரும் சும்மா நிற்கவில்லை.

2018-இல் மலேசியக் கல்வி அமைச்சு இனிக் கறுப்புச் சப்பாத்து என்று அறிவித்தது. 2021-இலிருந்து அது கட்டாயமாயிற்று. அம்மாக்களுக்குப் பெரிய விடுதலை. மழைநாளில் காயாத சப்பாத்தோடு அழுத பிள்ளைகளுக்கும் விடுதலை. அந்த முடிவை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனாலும் இப்போது அதே விளக்கைப் போட்டால் தரை இருண்டு கிடக்கிறது. அங்கொரு சட்டைக் கழுத்து, இங்கொரு பல்வரிசை, அவ்வளவுதான். சில தொழில்களில்தான் இப்படிப்பட்ட இழப்புகள் கணக்கில் வரும். என் தொழில் அப்படிப்பட்டது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு வேனில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், பிள்ளைகள் ஆடுவதற்குப் பாட்டுப் போடுகிறேன்.

எங்கள் தமிழ்ப்பள்ளிகள் ‘டிஸ்கோ’ என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதுவதில்லை. சிறுவர் தினம், கலை இரவு, ஆறாம் ஆண்டு மாணவர் விடைபெறும் விழா, பாலர் பள்ளி ஆண்டிறுதி நிகழ்ச்சி என்றுதான் அழைப்பு வரும். நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் ‘ஆடல் பாடல்’ என்று இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் பிள்ளைகள் காலையிலிருந்து காத்திருப்பார்கள். ஒரு தலைமையாசிரியர் தொடக்கத்திலேயே என்னிடம், “தம்பி, டிஸ்கோன்னு எங்கயும் போட்டுடாதீங்க, பெத்தவங்க வேற மாதிரி நெனைப்பாங்க” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் சமூகத்தில் பாட்டுச் சத்தத்துக்கும் இளைஞர்கள் கூடுவதற்கும் பின்னால் என்னவெல்லாம் வந்திருக்கிறது என்பதைப் பார்த்தவர் அவர். அந்தச் சொல்லை இன்றுவரை என் வேனிலும் எழுதவில்லை.

அப்பாவும் இதே வேலைதான் செய்தார், வேறு பெயரில். காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் அவர் மைக்செட்காரர். பகலில் ரப்பர்ப் பால், மாலையில் ஒலிபெருக்கி. கோயில் திருவிழா என்றால் மரத்தின் மேலே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிறதா என்று பார்க்க என்னைச் சைக்கிளில் அனுப்புவார். நான் போய், கேட்கிறது என்றால் கையைத் தூக்க வேண்டும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, மக்கள் குடியிருப்புத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்த பிறகு அந்தக் குழாய்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுக்குமாடியில் கடைசி வீடு என்று ஒன்று இல்லை. எல்லா வீடும் பக்கத்து வீடுதான். ஒருவர் வீட்டுப் பாட்டு இன்னொருவருக்குத் தொல்லை. பாட்டு மண்டபத்துக்குள் போயிற்று. நானும் அதன் பின்னால் போனேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் கால் மணி நேரத்தில் தடுமாறிப்போவார்கள். பாட்டு ஓடும், யாரும் ஆடமாட்டார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்டியை இறக்கி வைக்கும்போதே, பாட்டே இல்லாமல், ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றாம், இரண்டாம் ஆண்டும் அப்படித்தான். நான்காம் ஆண்டில் எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. அதற்குப் பிறகு பையன்கள் ஒருவனை ஒருவன் தள்ளிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரம் கைகோத்து நிற்பார்கள். எல்லாருடைய கண்ணும் நடுவிலுள்ள காலித் தரையில் இருக்கும். அப்போது சத்தத்தைக் கூட்டினால் அவர்கள் இன்னும் சுவரை ஒட்டிப்போவார்கள். பல ஆண்டுகள் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். பாட்டு போதவில்லை, இன்னும் பெரிய பாட்டு வேண்டும் என்று நினைத்தேன்.

பிள்ளை பாட்டுக்காக ஆடுவதில்லை, பக்கத்துப் பிள்ளைக்காக ஆடுகிறது. இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்தாண்டுகள் ஆயின. பக்கத்தில் நிற்பவள் அசைந்தால் இவளும் அசைவாள். தனியாக அசைந்துவிட்டு, யாரும் கூட வராமல் நின்றுபோன பிள்ளை அன்றிரவு மறுபடி அசையாது. அதனால் முதல் கால் மணி நேரம் நான் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. சிலை விளையாட்டு, இசை நாற்காலி, தோளைப் பிடித்துக்கொண்டு ரயில். ரயில் விட்டால் போதும். முன்னால் இருப்பவளின் தோளில் கை வைத்த பிள்ளைக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்ற கவலை இல்லை, முதுகுதான் தெரியும். ரயில் மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றும்போது நான் மெல்லப் பாட்டை மாற்றுவேன். ரயில் தானாகக் கலையும். கலைந்த இடத்தில் அவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கேரித் தீவுப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்குப் போயிருக்கிறேன். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே இருந்தால் அரசு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தும். அங்கே நாற்பது பேர்கூட இல்லை. சிற்றுண்டிச்சாலையின் மேசைகளை ஓரம் தள்ளி இடம் செய்தோம். சுற்றிலும் செம்பனை. அந்தப் பள்ளியில் மட்டும் எனக்குக் கால் மணி நேரக் காத்திருப்பு இருக்கவில்லை. ஆறாம் ஆண்டுப் பையன் ஒன்றாம் ஆண்டுத் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். டீச்சர்கள் வந்தார்கள். சமையல்கார அக்கா அகப்பையோடு வந்தார். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் இடத்தில் ஆடுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை. திரும்பி வரும் வழியில் நெடுநேரம் நான் வானொலியைப் போடவில்லை.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஜேக்கள் பயன்படுத்தும் மென்பொருள் எந்தப் பாட்டையும் நான்கு நான்காக எண்ணிக் கோடு போட்டுக் காட்டும். மேல்நாட்டு ஆட்டப் பாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது அது. எங்கள் குத்துப் பாட்டில் பலவும் மூன்று மூன்றாக உருளும். திஸ்ர நடை. உருமியிலும் தப்பிலும் கேட்டுப் பழகியது. கணினி அதில் திணறும். கோடுகளைத் தப்பான இடத்தில் போடும். பிள்ளைகள் திணறமாட்டார்கள். தைப்பூசத்தில் பத்துமலை போகும் வழியில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தத் தாளத்தைக் கேட்டவர்கள் அவர்கள். கிள்ளானில் கோயிலுக்குப் பின்னால் உருமிமேளக் குழுப் பையன்கள் மாலையில் பழகும்போது வேலிக்கு வெளியே நின்று குதித்தவர்கள். நான்கிலிருந்து மூன்றுக்கு மாற வேண்டிய இடத்தில் நான் பாட்டை முழுவதுமாக நிறுத்திவிட்டு அவர்களைக் கைதட்டச் சொல்வேன். இருநூறு கைகள். அந்தக் கைத்தட்டல் எந்த வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்தில் அடுத்த பாட்டை இறக்குவேன். இதைவிட நல்ல பாலத்தை எந்தக் கருவியும் எனக்குப் போட்டுக் கொடுத்ததில்லை.

தாளம் இப்படிக் காலோடு ஒட்டிக்கொண்டிருக்க, சொற்கள் வேறு இடத்துக்கு இழுக்கின்றன. தமிழ் சினிமாவில் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும் பாட்டு எதை எடுத்தாலும் அதில் சாராயம் இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, பின்தொடரப்படும் ஒரு பெண் இருக்கிறாள். பத்து வயதுப் பெண்பிள்ளை அதற்கு ஆடும்போது, அவளுக்கு அர்த்தம் தெரியாது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்குத் தெரியுமே. ஆரம்பத்தில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேண்டாத சொல் வரும் இடத்தில் சத்தத்தை ஒரு நொடி இறக்கிவிடுவது. கிள்ளானில் ஒரு பள்ளியில் அப்படிச் செய்தபோது, நான் விட்ட இடைவெளியை மண்டபம் முழுவதும் ஒரே குரலில் நிரப்பியது. எந்தச் சொல்லை மறைக்க நினைத்தேனோ அதே சொல். முன்வரிசையில் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து இறக்குவதை விட்டுவிட்டேன். போடக்கூடாத பாட்டைப் போடுவதே இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவும் பாட்டுகளைச் சொல் சொல்லாகக் கேட்கிறேன். அதற்கு ஆகும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கேட்கவும் மாட்டேன்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு நாட்டிலுள்ள 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் பலவற்றுக்குப் பெயரே வெறும் எண். நாளிதழில் அந்த எண்களைப் பார்த்தபோது கிள்ளான் வட்டாரத்தில் யாருக்கும் புதிதாகத் தோன்றவில்லை. அதற்கு அடுத்த ஆண்டோ அதற்கும் அடுத்த ஆண்டோ ஒரு சிறுவர் தின நிகழ்ச்சியில், பதினொரு வயதிருக்கும் ஒரு பையன் என் மேசைக்கு வந்து ஒரு பாட்டின் பெயரைச் சொன்னான். சொல்லும்போதே விரல்களை மடக்கி ஓர் எண்ணைக் காட்டினான். பின்னால் நின்ற டீச்சரின் முகம் வெளுத்தது. அந்தப் பையன் யாரைப் பார்த்து அதைக் கற்றான் என்று எனக்குத் தெரியாது. அண்ணனாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். அவன் அன்பு வைத்திருக்கும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெறுப்பவர்களின் கையைப் பார்த்துத் தங்கள் கையை வைத்துக்கொள்வதில்லை.

“அந்தப் பாட்டு எங்கிட்ட இல்லப்பா. உள்ள வா, நீயே ஒண்ணு எடு” என்று மேசைக்குப் பின்னால் கூப்பிட்டேன். காதொலிப்பானை மாட்டிவிட்டேன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அவன் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய ரஜினி பாட்டு. அழுத்தியதும் நூற்றைம்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். அவன் முகத்தில் அப்போது வந்ததை நான் மறக்கவில்லை. பயந்தவன் போல இருந்தான். தான் செய்த ஒன்றுக்கு இவ்வளவு பேர் மகிழ்வார்கள் என்பது அவனுக்குப் புதிது. இன்னும் ஒரு பாட்டு நின்றான், பிறகு நண்பர்கள் கூப்பிட, போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. இப்போது அவனுக்கு இருபதுக்கு மேல் இருக்கும். தெருவில் கண்டால் எனக்கு அடையாளம் தெரியாது. மேசைக்குப் பின்னால் ஒரு பிள்ளைக்கு இடம் வைப்பதை மட்டும் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு பிள்ளை. யார் என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் சுவரோரம் அதிக நேரம் நின்ற பிள்ளை.

எங்கள் ஊர்ப் பாட்டு என்று ஒன்று வந்தபோது பிள்ளைகளிடம் ஏற்பட்ட மாற்றத்தையும் பார்த்தேன். 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு வெளிவந்தது. அதிலிருந்த ‘மடை திறந்து’, 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாட்டின் மேல் கட்டியது. மூலப் பாட்டு அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியில் இருந்தது. புதிய பாட்டை நான் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையில் குறுந்தட்டாக வாங்கினேன். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கும். நடந்து போகும்போது பத்தடிக்கு ஒரு பாட்டு மாறும். அந்தக் குரல்கள் மலேசியாவில் பிறந்தவை என்று சொன்னபோது பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. “நெசமாவா அங்கிள், நம்ம ஊரா?” என்று ஒரு பெண் கேட்டாள். நம்ம ஊர்தான் என்றேன். பாட்டுகள் கப்பலில் வந்த காலத்திலிருந்து எங்களுக்கு எல்லாமே தமிழ்நாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இங்கே செய்த ஒன்றுக்கு இங்கே ஆடுவது சின்ன விஷயம் இல்லை.

இப்போதைய பிள்ளைகள் பாட்டை முழுதாகக் கேட்பதில்லை என்று டீச்சர்கள் வருத்தப்படுகிறார்கள். உண்மைதான். டிக்டாக்கில் வந்த அரை நிமிடத்துக்கு எல்லாருக்கும் ஒரே அசைவு தெரியும். அந்த அரை நிமிடம் முடிந்ததும் தண்ணீர் வற்றியதுபோல நிற்பார்கள். ஆனால் அந்த அரை நிமிடத்தில் காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை எந்தப் பள்ளியிலும் எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் நின்று உடனே சேர்ந்து ஆட முடிகிறது. முன்பு என் ரயில் செய்த வேலையை அது செய்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் இல்லை.

சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் வந்து, “அண்ணே, கொஞ்சம் கொறைங்கண்ணே” என்று சொன்னால் நான் உடனே குறைப்பேன். அவர்கள் பக்கம் அறிவியல் இருக்கிறது. காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, சிறுவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 78-க்கு 20 மணி, 81-க்கு 10, 84-க்கு 5, 87-க்கு இரண்டரை, 90-க்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு திருமண மண்டபத்தில் 90 என்பதை யாரும் சத்தம் என்றே சொல்லமாட்டார்கள். தகரக் கூரை மண்டபத்தில் பாட்டுப் போட்டால், பாட்டுச் சத்தம் பாதி, பிள்ளைகள் கத்தும் சத்தம் பாதி. பெட்டிகளைத் தாங்கியில் ஏற்றி ஆள் உயரத்துக்கு மேலே வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பேன். தரையில் வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளையின் காதும் பெட்டியின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு அதன் முன்னால் போய் நிற்பதில்தான் ஆசை. கையில் அளவுமானி வைத்திருக்கிறேன். ஐந்தாறு பாட்டுக்கு ஒருமுறை ஒரு விளையாட்டு வைத்துக் காதுக்கு ஓய்வு கொடுக்கிறேன். மாலை மூன்று, நான்கு மணிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் இடிமழை தகரத்தில் இறங்கினால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை. பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரும் மழையைக் கேட்போம்.

காதைப் பற்றி நான் கற்றது பெரும்பாலும் பிரிக்பீல்ட்ஸில்தான். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. நடைபாதையில் மேடு வைத்த மஞ்சள் கற்களில் வெள்ளைக் கோல்கள் தட்டிக்கொண்டு போகும் ஓசை அந்த வட்டாரத்தின் அடிநாதம். கடை ஒலிபெருக்கிகள் உச்சத்தில் அலறும்போது பார்வையற்ற ஒருவர் சாலை கடக்காமல் அப்படியே நிற்பதை ஒருநாள் பார்த்தேன். வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. வழியை மறைத்து நின்றது அந்தப் பாட்டு. பிறர் காதுக்குள் போகும் வேலையைச் செய்கிற எனக்கு அந்தக் காட்சி போதுமானதாக இருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, கோலாலம்பூரில் பார்வையற்ற பிள்ளைகள் இருபது பேருக்கான ஒரு கொண்டாட்டத்துக்கு அழைத்தார்கள். பழக்கத்தில் விளக்குகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன்; வேனிலேயே விட்டேன். பாட்டுப் போட்டதும் ஒரு பையன் குரலைத் தேடுவதுபோலப் பெட்டியைத் தேடி வந்தான். உள்ளங்கையை அதன் பக்கவாட்டில் வைத்தான். மேல்சுரங்களைக் குறைத்து அடித்தாளத்தை மட்டும் மெதுவாக விட்டேன். அவன் இன்னொருவன் கையைப் பிடித்து இழுத்து வந்து அதே இடத்தில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் பெட்டியைச் சுற்றி ஏழெட்டுக் கைகள். அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: “அங்கிள், மத்தவங்கல்லாம் ஆடுறாங்களா?”

அவள் கேட்டது மற்ற எல்லாப் பிள்ளைகளும் சுவரோரம் நின்று கண்ணால் கேட்கும் கேள்விதான். நான் மைக்கை எடுத்தேன். யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். சன்னல் பக்கம் ஒரு தம்பி தலையை ஆட்டுகிறான். நடுவில் ஒரு அக்கா இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டாள். கதவுப் பக்கம் ரெண்டு பேர் கைகோத்துச் சுற்றுகிறார்கள். சொல்லச் சொல்ல, சொல்லப்படாத பிள்ளைகள் அசையத் தொடங்கினார்கள், தங்களையும் நான் சொல்ல வேண்டும் என்று. அடுத்தவர் ஆடி ஒருமுறைகூடப் பார்க்காத பிள்ளைகள். ஒவ்வொருவர் ஆட்டமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. எந்தப் படத்திலும் வராத அசைவுகள். தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று நான் போட்டது என்ன பாட்டு என்று நினைவில் இல்லை.

எனக்கு மிகவும் கனமான நிகழ்ச்சி ஆறாம் ஆண்டு விடைபெறும் விழா. 1988-இலிருந்து 2019 வரை நடந்த ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு செப்டம்பரில் முடிந்துவிடும். அதன்பின் இரண்டு மாதம் பிள்ளைகள் பாடமில்லாமல் பள்ளிக்கு வருவார்கள். அதுதான் அப்போது என் பருவம். 2021-இல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். 2022-இல் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கியதும் விடைபெறும் விழாக்கள் ஜனவரி, பிப்ரவரிக்குப் போயின. மாதம் மாறியதே தவிர விழா மாறவில்லை. இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. ஆறு ஆண்டுகள் ஒரே வகுப்பில் தமிழில் சண்டை போட்ட முப்பது பேர், வீட்டு முகவரியைப் பொறுத்து நான்கைந்து இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிவார்கள். சிலர் நேரே முதல் படிவம். மலாய் மொழியில் பின்தங்கிய சிலர் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாக. அங்கே அவர்கள் தனித்தனியாக, வேறொரு மொழியில், சுவரோரம் நிற்கும் பிள்ளைகளாகத் தொடங்குவார்கள். கூடவே ஆடியவர் பக்கத்தில் இருக்கமாட்டார். இதை அவர்கள் அந்த இரவில் அரைகுறையாக உணர்ந்திருப்பார்கள். அழுவார்கள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசிப் பாட்டுக்கு நான் எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவேன். ஊதா விளக்கு வேண்டாம், சுழலும் விளக்கு வேண்டாம். மண்டபத்தின் வெள்ளைக் குழல்விளக்குகள் அத்தனையும். “ஏன்ணே, மூடு போயிடுமே” என்று உதவிக்கு வரும் தம்பி ஒவ்வொரு முறையும் சொல்வான். அவர்கள் முகம் பார்த்துக்கொள்ளட்டும் என்பேன்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன்பின் நெடுங்காலம் மண்டபம் இல்லை. இணையத்தில் பிறந்தநாள் விழாக்களுக்குப் பாட்டுப் போட்டேன். திரையில் பன்னிரண்டு கட்டங்கள். நான் அனுப்பும் தாளம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நொடியில் போய்ச் சேரும். எல்லாரும் ஆடினாலும் யாரும் யாரோடும் ஆடவில்லை. இரண்டாவது பாட்டில் கட்டங்கள் ஒவ்வொன்றாக இருண்டன. அந்த வேலையை நான்கு முறைக்கு மேல் ஏற்கவில்லை.

2021 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்துக்கான மழை. ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா கூரைவரை மூழ்கியது. என் சாமான்கள் அங்கே ஒரு நண்பரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தன. ஒலிபெருக்கியின் கூம்பு காகிதத்தால் ஆனது. ஊறி, உப்பி, விரலால் தொட்டால் கூழாக வந்தது. சேற்றில் கிடந்த அப்பாவின் பழைய மைக்கை மட்டும் துடைத்து எடுத்து வந்தேன். அது வேலை செய்யாது, முன்பும் செய்யவில்லை.

சில நாள் கழித்து, நிவாரண மையமாகியிருந்த ஒரு பள்ளிக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைகள் ஒன்றும் செய்யாமல் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்கள். கடன் வாங்கிய ஒரு சின்ன பேட்டரி ஒலிபெருக்கியும் கைப்பேசியும்தான் என்னிடம் இருந்தன. முதல்நாள் இரவு வழக்கம்போல் பாட்டுகளைச் சொல் சொல்லாகக் கேட்டேன். இந்த முறை சாராயத்தையும் அரிவாளையும் தேடவில்லை, மழையைத் தேடினேன். தமிழ்ப் பாட்டில் எத்தனை மழை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வெள்ளம், ஆறு, மேகம், நனைதல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பட்டியல் பாதிகூட மிஞ்சவில்லை.

மண்டபத்தில் குடும்பம் குடும்பமாகப் பாய்கள். சப்பாத்து யாருக்கும் இல்லை. வெறுங்கால்கள், யாரோ கொடுத்த பெரிய செருப்புகள். ரயில் விட்டேன், சிலை விளையாட்டு வைத்தேன். பத்து வயதிருக்கும் மூன்று சிறுமிகள் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி ஒரு பாட்டின் பெயரைச் சொன்னாள். நான் ஒதுக்கிய மழைப் பாட்டுகளில் அதுதான் முதலாவது.

“அது வேணாம்மா, வேற போடவா?” என்றேன். பின்னால் பாய்களில் உட்கார்ந்திருந்த அம்மாக்களைப் பார்த்துக்கொண்டேன்.

“இல்ல அங்கிள், அதுக்குத்தான் எங்களுக்கு டான்ஸ் தெரியும். ரெண்டாம் ஆண்டுல மேடையில ஆடுனோம்.”

கைப்பேசியில் அதைத் தேடி எடுத்தேன். மூவரும் வரிசையாக நின்றார்கள். இருவர் இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. கிட்டே வாங்க, சேர்ந்து நில்லுங்க என்று கையைக் காட்டினேன். அவர்கள் நகரவில்லை. நான்காவதாக ஆடியவள் வேறு மையத்தில் இருக்கிறாளாம். அது அவள் இடம் என்று ஒருத்தி சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தி, “போடுங்க அங்கிள்” என்றாள்.